துண்டுக்கு அடியில் இருந்த கை

புதிதாக மோட்டார் படகு வாங்குகிறவர்கள் இன்றைக்கும் என்னைத் தேடிக்கொண்டு வருகிறார்கள். அணைத் தண்ணீரில் சின்ன மோட்டார் படகு ஓட்டுகிறவர்களில் மூத்தவன் நான்தான். "ஏனுங்க, எதை மொதல்ல பாக்கோணுங்க? எதுல ஏமாந்துருவோமுங்க?" என்று கேட்பார்கள். உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லுவேன். சொல்வதில் ஒரு வார்த்தைகூட என் சொந்தச் சரக்கு இல்லை. அத்தனையும் அவர் சொன்னது. அந்த மனுஷனின் பெயரைச் சொல்ல எனக்கு வாய் கூசும். ஊரில் எல்லோரும் டிரைவர் என்றுதான் கூப்பிட்டோம், நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன். கூடப் பிறந்தவனைக்கூட நான் அப்படி நம்பியிருக்க மாட்டேன். நம்பினவன் கழுத்தை ஈரத்துணியைப் போட்டு அறுத்தார்.

அணை கட்டி முடித்ததும் ஆற்றோரம் இருந்த எங்கள் ஊர் தண்ணீருக்குள் போனது. வீடு, கிணறு, காளியம்மன் கோயில், கம்பு விளைந்த காடு எல்லாம் போயிற்று. மேட்டுக்கு ஏறிக் குடிசை போட்டோம். முன்பு நடந்து போன ஊர்களுக்கெல்லாம் நடுவில் கடல் மாதிரித் தண்ணீர். அந்தச் சமயத்தில் அணை வேலைக்கு வைத்திருந்த சாமான்களை ஏலம் விட்டார்கள். மற்றவர்கள் இரும்பும் பலகையும் எடுத்தார்கள். நான் ஒரு சின்ன மோட்டார் படகை எடுத்தேன். ஏர் பிடித்த கைக்கு இது எதற்கு என்று ஊரே சிரித்தது. எனக்கு மட்டும் நெஞ்சு நிமிர்ந்திருந்தது. என் நிலத்தை மூழ்கடித்த தண்ணீரின் தலைக்கு மேலேயே நான் போகிறேன் என்று ஒரு வீறாப்பு.

படகோடு அவரும் ஒட்டிக்கொண்டு வந்தார். அணை வேலை நடந்தபோது அதை ஓட்டியவர். பள்ளிபாளையத்துப் பக்கம் ஆற்றோரத்தில் ஏதோ ஒரு ஊர். எந்த ஊர் என்று கேட்டால், "ஆத்தோரந்தானுங்க" என்பார். அப்பன் பரிசல் போட்டவர் என்பதற்கு மேல் அவரிடமிருந்து எதையும் கறக்க முடியாது. ஒல்லியான ஆள், நாற்பத்தைந்து வயது இருக்கும். வலது மணிக்கட்டு வெளிப்பக்கமாகக் கோணிப்போயிருக்கும். முதல் நாள் அந்தக் கோணல் கையைத்தான் என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இதைப் பாத்து வெச்சுக்கோங்க சாமி. மோட்டாரைக் கெளப்ப ஹாண்டிலைச் சுத்தறப்போ கட்டை வெரலை அந்தப் பக்கமா மடக்கிப் புடிக்கப்படாது. அஞ்சு வெரலும் ஒரே பக்கமா இருக்கோணும். மோட்டாரு சில நாளைக்குத் திருப்பி ஒதைக்குமுங்க. வெரலு ஒரே பக்கம் இருந்தாக் கை தானாக் கழண்டுக்கும். இல்லீன்னா இப்படித்தான் கும்புடோணும்" என்று கோணல் கையால் ஒரு கும்பிடு போட்டார். சிரிக்காமல் என்ன செய்வது?

அவர் சொன்ன புத்தி எதிலும் பழுது கிடையாது. அதுதான் வயிற்றெரிச்சல். மாட்டு வண்டியில் ஏறுகிறமாதிரி ஓரத்தில் கால் வைத்து ஏறாதே, நடுவில் கால் வைத்து உடனே உட்கார்ந்துகொள் என்பார். முதலில் அடியில் தேங்கின தண்ணீரை இறைத்துவிட்டுத்தான் மோட்டாரைத் தொடவேண்டும். பெட்ரோலை நாலு மடிப்பு வேட்டித் துணியில் வடிகட்டாமல் ஊற்றக்கூடாது. மோட்டார் ஓடும்போது பக்கத்துக் குழாயிலிருந்து தண்ணீர் வெளியே பீய்ச்சிக்கொண்டே இருக்கவேண்டும். "அது மூத்திரம் மாதிரிங்க. நின்னு போச்சுன்னா மனுசனானாலுஞ் சரி, மோட்டாரானாலுஞ் சரி, சூடு ஏறிப்போகும்" என்பார். மேச்சேரிச் சந்தைக்குப் போகிற ஆடுகளை ஏற்றினால் ஒரே பக்கமாகக் கட்டவிடமாட்டார். ஒன்று மிரண்டால் அத்தனையும் ஒரே ஓரத்துக்கு ஓடும், படகு கவிழ்ந்துவிடும். குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, நடுவில் ஒரு கிடாயைப் படுக்கவைத்துவிடுவார். மோட்டார் இருக்கிறது என்ற திமிரில் துடுப்பை வீட்டில் வைத்துவிட்டு வராதே என்பதைத் தினமும் சொல்வார்.

எதைக் கேட்டாலும் சொல்லிவிடுகிற ஆள் என்றுதான் முதலில் தோன்றும். பழகப் பழகத்தான் ஒன்று பிடிபட்டது. பத்து இருந்தால் ஒன்பது சொல்வார். பத்தாவதை மென்று விழுங்கிவிடுவார்.

மீன் குழம்பு ஒரு உதாரணம். படகுத்துறையில் மூன்று கல் கூட்டி அவர் வைக்கிற குழம்பு எங்கள் மேட்டு வீடு வரைக்கும் மணக்கும். என் அம்மா ஒரு நாள் நேராகவே போய்ப் பக்குவம் கேட்டாள். புளி எவ்வளவு, மிளகாய் எவ்வளவு, எப்போது மீனைப் போடவேண்டும் என்று விரல் விட்டு எண்ணிச் சொன்னார். அப்படியே அம்மா வைத்தாள். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அந்தக் குழம்பு இல்லை. மறுபடி கேட்டாள். மறுபடியும் அதையே அட்சரம் பிசகாமல் சொன்னார். "இந்த ஆளு என்னத்தையோ ஒண்ணை ஒளிக்கறாரு கண்ணு" என்று அம்மா என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். கதை சொன்னாலும் அப்படித்தான். வெள்ளத்தில் பரிசல் சுழலில் மாட்டியதைச் சொல்லிக்கொண்டே வருவார், நாங்கள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்போம், கரை தெரிகிற நேரத்தில், "அப்பறம் என்னங்க, வந்து சேந்தோம்" என்று எழுந்துவிடுவார். எப்படி வந்தார் என்பது அவரோடு போச்சு.

எங்கள் துறைக்கும் அணைக்கும் நடுவில் ஒரு கரடு, சின்னக் கல்குன்று, தண்ணீருக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டிருக்கும். அதன் அடிவாரத்தில்தான் எங்கள் காளியம்மன் கோயில் மூழ்கிக் கிடக்கிறது. அந்தக் கரட்டில் ஆடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் போனவர்களை ஏற்றப் படகை நிறுத்துவோம். நெருங்கும்போதே படகில் இருக்கிற எங்கள் ஊர்க்காரர்கள் தண்ணீரைப் பார்த்துக் கும்பிடுவார்கள். பெண்கள் அழுவதும் உண்டு. அப்போது டிரைவர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து மோட்டார் மேல் விரித்து, இரண்டு கையையும் துண்டுக்கு அடியில் நுழைத்து, நெற்றி தொடுகிற அளவுக்குக் குனிவார். உதடு முணுமுணுக்கும். கொஞ்ச நேரத்தில் மோட்டார் ஓய்ந்து நிற்கும். நிமிர்ந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார்.

"அசலூர்க்காரரு, நம்ம ஆத்தாளுக்கு எவ்வளவு பயபக்தி பாரு" என்று என் அம்மா கண் கலங்குவாள். துண்டைப் பட்டாகச் சாத்தி வணங்குகிறார் என்றே ஊர் முழுக்கப் பேச்சு. அவர் காதிலும் அது விழுந்தது. ஒரு நாளும் அவர் இல்லை என்று சொல்லவில்லை. நானும் மரியாதைக்கு முகத்தை அந்தப் பக்கமாகத் திருப்பிக்கொள்வேன். சந்தையில் மாட்டுத் தரகர்கள் துண்டைப் போட்டு அதற்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பிறந்ததிலிருந்து பார்த்தவன் நான். துண்டுக்கு அடியில் கை போனால் அங்கே காரியம் ஏதோ நடக்கிறது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? படகில் மட்டும் அது எனக்குப் பக்தியாகப் பட்டது. புத்தி கெட்டவன்!

இரண்டு வருஷத்தில் நானும் ஓட்டப் பழகினேன். பெட்ரோலில் மோட்டாரைக் கிளப்பவேண்டும், சூடேறினதும் பெரிய திருகைத் திருப்பிச் சீமெண்ணெய்க்கு மாற்றவேண்டும், பெட்ரோல் விற்கிற விலைக்கு அதிலேயே ஓட்டமுடியாது. இதெல்லாம் அவர் காட்டிக்கொடுத்தது. தனியாக ஒரு சுற்றுப் போய்த் திரும்பினால் கரையில் காத்துக்கொண்டிருப்பார். "நல்லா ஓட்டறீங்க சாமி. எறங்குங்க, மீதியை நான் பாத்துக்கறேன்" என்பார். மீதி என்ன என்று நான் கேட்கவில்லை. மசிப்பிசுக்கும் சீமெண்ணெய் நாற்றமும் அவர் பாடு என்று இறங்கிப் போய்விடுவேன்.

ஒரு நாள் அம்மாவிடம் சொன்னேன். "ஆடி கழியட்டும். அப்புறம் இவரு எதுக்கு? நானே ஓட்டிக்குவேன்." வாசலில் சொன்னது. அவர் அப்போது எங்கே இருந்தார் என்று நான் பார்க்கவில்லை.

அந்த ஆடியில் என் தங்கை தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். நிறைமாசம். பதினெட்டாம் பெருக்குக்கு ஊருக்குப் போய்வருகிறேன் என்று டிரைவர் கிளம்பினார். எனக்கு மனசு ஒப்பவில்லை. தங்கைக்கு வலி கண்டு ஏதாவது கோளாறானால் அணை ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும். கரைப்பாதை கல்லும் முள்ளும், வண்டியில் போனால் ஒரு பகல் ஆகும். படகில் இரண்டு மணி நேரம்கூட ஆகாது.

"நாலு நாள்ல வந்துருவேனுங்க. நீங்கதான் ஓட்டறீங்களே" என்றார்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "தங்கச்சி உசுரு சமாச்சாரமுங்க. நான் தெரிஞ்சுக்காதது இதுல வேற ஏதாச்சும் இருக்குதுங்களா? இருந்தா இப்பவே சொல்லிப்போடுங்க."

கொஞ்ச நேரம் படகையே பார்த்தார். பிறகு என் கண்ணைப் பார்த்துச் சொன்னார். "இதுக்கு மேல ஒண்ணுமில்லீங்க சாமி. அவ்வளவுதானுங்க."

மூன்றாம் நாள் விடியற்காலையில் தங்கைக்கு வலி கண்டது. பொழுது ஏறியும் பிள்ளை இறங்கவில்லை. மருத்துவச்சி வெளியே வந்து, "குறுக்கே கெடக்குது. என்ற கையில இல்லீங்க, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க" என்றாள். கட்டிலோடு தூக்கிப் படகில் வைத்தோம். அம்மா தலைமாட்டில், மருத்துவச்சி கால்மாட்டில். தண்ணீர் இறைத்தேன், பெட்ரோல் வடிகட்டினேன், ஐந்து விரலையும் ஒரே பக்கம் வைத்துச் சுற்றினேன். ஒரே சுற்றில் மோட்டார் கிளம்பியது, சூடேறினதும் சீமெண்ணெய்க்கு மாற்றினேன். அந்த நேரத்தில் டிரைவரை மனசாரக் கையெடுத்துக் கும்பிட்டேன். புண்ணியவான், எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

கரடு வந்தது. ஏற்ற ஆள் இல்லை, நேராகப் போயிருக்கலாம். அம்மா என் தோளைப் பிடித்தாள். "நிறுத்து சாமி. டிரைவரு ஒரு நாளாச்சும் இங்க கும்பிடாமப் போயிருக்காரா? இன்னைக்குப் பாத்து ஆத்தாளைத் தாண்டிப் போகலாமா?"

எனக்கும் அது சரியென்றே பட்டது. மோட்டாரை நிறுத்தினேன். என் துண்டை எடுத்து அவர் செய்கிறமாதிரியே மோட்டார் மேல் விரித்து நெற்றியை வைத்தேன். கொதிக்கிற தகரம் நெற்றியைச் சுட்டது. இத்தனை சூட்டில் தினமும் எப்படிக் கும்பிட்டார் என்று ஆச்சரியப்பட்டேன். ஆடிக் காற்றில் அம்மா ஏற்றிய சூடம் நாலு தடவை அணைந்தது. மஞ்சள் துணியில் காசு முடிந்து, தேங்காய் உடைத்து, கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

திரும்ப ஹாண்டிலைச் சுற்றினேன். மோட்டார் ஊமையாகக் கிடந்தது. பெட்ரோலுக்குத் திருப்பிச் சுற்றினேன். ஹூம். பத்து, இருபது, ஐம்பது சுற்று. கையில் தோல் உரிந்து ரத்தம் வந்தது. தங்கை, "அண்ணா, கெளப்புங்கண்ணா, கெளப்புங்கண்ணா" என்று கத்தினாள். காற்று படகைக் கரட்டுப் பாறைக்குத் தள்ளியது. துடுப்பை எடுத்துத் தள்ளித் தள்ளி மோதாமல் காப்பாற்றினேன், அதற்குமேல் ஒற்றை ஆளாக அந்த இரும்புப் பாரத்தை எதிர்க்காற்றில் எங்கே கொண்டுபோக? வெகுநேரம் கழித்து மீன்பிடிக்கிறவர்கள் கண்டு இரண்டு பரிசலில் வந்து கட்டி இழுத்தார்கள். ஆஸ்பத்திரிப் படியில் ஏறும்போது தங்கை கத்துவதை நிறுத்தியிருந்தாள்.

அவள் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. ஆண் பிள்ளை. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பிள்ளையும் தங்கியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். இனி அவளுக்குப் பிள்ளை தங்காது என்பதையும் அவர்தான் சொன்னார்.

சொன்னபடி டிரைவர் வந்து சேர்ந்தார். கையில் தங்கைக்கென்று ஒரு மூட்டை நாட்டுச்சர்க்கரை. நான் துறையில் உட்கார்ந்திருந்தேன், பரிசல்காரர்கள் திரும்ப இழுத்துவந்து கட்டிவிட்டுப் போன படகு எதிரே கிடந்தது. "தங்கச்சி எப்படிங்க இருக்குது?" என்றார். "மொதல்ல மோட்டாரைக் கெளப்புங்க" என்றேன்.

என் முகத்தைப் பார்த்ததும் அவர் முகம் செத்துப்போயிற்று. படகில் ஏறினார். ஒரு தேங்காய்த் தொட்டியை எடுத்து மோட்டாருக்கு அடியில் பிடித்தார். இந்தத் தடவை துண்டை விரிக்கவில்லை. எண்ணெய் தங்கும் சின்னக் கிண்ணத்துக்குக் கீழே, சுண்டுவிரல் அளவுக்கு ஒரு திருகு. இரண்டு வருஷமாக என் படகில் இருந்த திருகு, நான் கண்ணால் கண்டதில்லை. அதைத் திறந்தார். தேங்கிக் கிடந்த சீமெண்ணெய் அந்தக் கொட்டாங்குச்சியில் வடிந்தது. மூடினார். பெட்ரோல் விட்டார். ஒரே ஒரு சுற்று. டப் டப் டப் என்று அந்தப் பாழாய்ப்போன மோட்டார் ஓடியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் மண்ணில் விழுந்து அழுதேன்.

"நிறுத்தறதுக்கு முன்னாடி மறுபடியும் பெட்ரோலுக்கு மாத்திப்போடோணுங்க" என்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உள்ள கெடக்கற சீமெண்ணெய் எரிஞ்சு தீந்த பொறவுதான் நிறுத்தோணும். இல்லீன்னா ஆறிப்போனா அது பத்தாதுங்க. மறந்துட்டா இந்தத் திருகைத் தொறந்து வடிக்கோணும்."

"கரட்டுக்கிட்ட நீங்க கும்பிட்டது?"

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"கையைப் புடிச்சுக் கேட்டனே, இதை அன்னைக்குச் சொல்லியிருந்தா என்னங்க? வாய் வெந்தா போயிரும்?"

"வாய் வரைக்கும் வந்துச்சுங்க" என்றார். "அணையில ஒரு தொரைக்கு எல்லாத்தையும் சொல்லிக் குடுத்தேனுங்க. கத்துக்கிட்ட அன்னைக்கே ஊட்டுக்குப் போன்னுட்டாரு. ஆடி கழிஞ்சா நான் எதுக்குன்னு நீங்க அம்மாகிட்டச் சொன்னதும் என்ற காதுல உழுந்துச்சுங்க சாமி. நாலு நாளுதானே, ஒண்ணும் ஆகாதுன்னு நெனைச்சுப்போட்டேனுங்க."

அடிக்கக் கை ஓங்கினேன். அவர் விலகவில்லை. அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும், முடியவில்லை. "என்ற கண்ணுல முழிக்காதீங்க, போயிருங்க" என்று கத்தினேன். சர்க்கரை மூட்டையைப் பாறைமேல் வைத்துவிட்டுப் போனார். அதை அப்படியே தூக்கித் தண்ணீரில் எறிந்தேன். அப்புறம் அவரைப் பார்க்கவில்லை.

பிறகு வருஷக்கணக்காக வருகிறவன் போகிறவனிடமெல்லாம் அவரைத் திட்டினேன். துரோகி, சாமி பேரைச் சொல்லி ஏய்த்தவன், பிள்ளையைக் கொன்றவன் என்று வாய்க்கு வந்தபடி ஏசுவேன். ஒரு நாள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோதும் ஆரம்பித்தேன். அவள் முறத்தில் கடலைக்காயைப் போட்டு உரித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"அவரு சொல்லாதது பாவந்தானுங்கண்ணா. ரெண்டு வருசம் அவருக்கு ஒரு மொழம் தள்ளி உக்காந்திருந்தீங்களே. அந்தத் துண்டுக்கு அடியில கை என்ன பண்ணுதுன்னு ஒரு நாளாச்சும் குனிஞ்சு பாத்தீங்களா?"

"சாமி கும்பிடற எடத்துல எவனாச்சும் குனிஞ்சு பாப்பானா?" என்று எரிந்து விழுந்தேன்.

"சாமின்னு நெனைச்சிருந்தா நீங்களும் கூடக் கும்பிட்டிருப்பீங்க. படகுல வர்றப்பெல்லாம் பாத்திருக்கேன், நீங்க அக்கட்டால திரும்பிக்குவீங்க. மசி ஒட்டிக்குமுன்னு."

கோபமாகச் சொல்லவில்லை. கடலையை உரித்துக்கொண்டே சொன்னாள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

அவர் எனக்குத் துரோகம் செய்தார். எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அடித்துச் சத்தியம் செய்வேன். என் தங்கை முன்னால் மட்டும் இப்போது அந்தப் பேச்சை எடுப்பதில்லை.